சவரியாயி விற்ற பிள்ளை

சவரியாயி எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அவளைப் பற்றி எழுத வேறு ஆளில்லை. அவளுக்குக் கெடுதல் செய்தவன் நான் என்பதால் அந்த வேலை எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இருபத்தாறு வருடம் நான் அந்தோனியார் கோயிலில் உபதேசியாராக இருந்தேன். இரத்தோட்டைக்கு மேலே, மிளகுக் கொடி ஏறிய முள்முருங்கைகளுக்கு நடுவே இருக்கிற கோயில் அது. கண்டி இராசா காலத்தில் கட்டியது என்பார்கள். சுவர் இரண்டு முழத் தடிப்பு. வெயில் காலத்திலும் உள்ளே ஈர வாடை போகாது. சுவாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வதும் மணி அடிப்பதும் ஞானஸ்நானப் புத்தகம் எழுதுவதும் என் பாடு. ஜூன் பதின்மூன்றாம் திகதித் திருநாளுக்கு மட்டும் கோயில் கொள்ளாத கூட்டம் வரும். மலையிலிருந்து தமிழர்கள், கீழ்க் கிராமங்களிலிருந்து சிங்களவர்கள், இரண்டு பக்கத்திலும் வேதத்தில் சேராதவர்கள்கூட. அந்தோனியாருக்கு முன்னால் யாரும் யாரையும் முறைத்ததில்லை. முறைப்பதெல்லாம் திரும்பிப் போக பஸ் ஏறும்போதுதான்.

1955ஆம் ஆண்டுத் திருநாளில் அவள் தன் பிள்ளையை விற்றாள்.

விற்பது என்றதும் பயப்பட வேண்டாம், அது ஒரு நேர்த்தி. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைத் திருநாள் பூசை முடிந்ததும் அந்தோனியார் சுருவத்துக்குக் கீழே பீடப்படியில் கிடத்திவிட்டு, தாய் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட வேண்டும். உறவில்லாத ஒருத்தி அங்கே ஒரு கொத்து உப்பை வைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். பிறகு பக்கவாசலால் வந்து, "இது என் பிள்ளை, எனக்காக வளர்த்துத் தா" என்று பெற்றவளிடமே கொடுப்பாள். இனி அந்த வீட்டில் சாவு எடுத்துப் போக ஒன்றுமில்லை என்று அர்த்தம். சுவாமிமார் இதையெல்லாம் கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவார்கள்.

அன்று வாங்கியவள் சிலஸ்தீனா நோனா. இரத்தோட்டையில் அவளும் புருஷனும் ஒரு பேக்கரி வைத்திருந்தார்கள். சிங்களவர்கள், பிள்ளையில்லாதவர்கள். குழந்தையைத் தூக்கிய நோனா அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பக்கவாசலுக்கு மெதுவாகவே நடந்தாள்.

எல்லாம் முடிந்து நான் ஞானஸ்நானப் புத்தகத்தோடு உட்கார்ந்தபோது சவரியாயி மேசை ஓரத்தில் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள்ளேயே கன்னம் ஒட்டிப்போன பெண்.

"ஐயா, முந்தின மூணு பிள்ளைகளையும் பொறந்த ஒடனே தோட்டத்து ஆபீஸ் பொஸ்தகத்துல பதிஞ்சோம். ஒண்ணுகூட ஒரு வருசம் தாண்டல. இவன எங்கயும் பதியல. தாய் பேரு எழுதுற எடத்துல நோனா பேரையே எழுதிருங்க."

"அப்படி எழுதக் கூடாது."

"வித்துட்டேன்ல ஐயா. நீங்க என் பேர எழுதிட்டா, வித்தது பொய்யாப் போயிருமே."

சாவு புத்தகத்தைப் பார்த்துத்தான் வருகிறது என்பது அவளுடைய முடிவு. படித்தவன் நான், மறுத்திருக்க வேண்டும். அன்று நாற்பது ஞானஸ்நானம். வெளியே சுருவம் வைத்த கூடு பவனிக்குப் புறப்படக் காத்திருந்தது. அதெல்லாம் சாக்கு. உண்மையைச் சொல்கிறேன்: தோட்டத்துப் பெண்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. பிள்ளைக்கு வைத்த பதுவைநாதன் என்ற பெயருக்கு எதிரே தகப்பன், தாய் என்று பேக்கரிக்காரர்கள் இருவரையும் எழுதினேன். சுவாமியார் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதற்குப் பிறகு அதே மாதிரி எழுதித் தரச் சொல்லி இன்னும் பதினொரு பேர் வந்தார்கள். பதினொரு பேருக்கும் எழுதினேன்.

திருநாளுக்குத் திருநாள் நோனா அவனுக்குப் புதுச் சட்டை கொண்டுவருவாள். பன்னிரண்டு வயதில், புருஷனை இழந்திருந்த நோனாவுக்கு உதவியாகப் பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தான். சனிக்கிழமை பின்னேரம் பாண் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு தாயிடம் மலையேறுவான். சவரியாயிக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை.

பிறகு இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்தன. அவள் புருஷன் இன்னாசி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தான். திருச்சிப் பக்கம் ஒரு தம்பி இருக்கிறான் என்ற நினைப்பு. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1970இல் பாஸ்போட்டுக்குக் கூப்பிட்டபோது கண்டியில் இந்தியத் தூதரகக் கந்தோரில் பையனின் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அது எங்கும் இல்லை. கோயில் பத்திரமாவது கொண்டு வாருங்கள் என்றார்கள். அதன்படி பதுவைநாதன் இலங்கைப் பிரசைகள் இருவருக்குப் பிறந்த மகன். அங்கிருந்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் முன்னால் இருந்தது என் எழுத்து. பதிவு பிழை என்று, அதை எழுதிய உபதேசியாரே கடிதம் தந்து, சுவாமியாரும் முத்திரை வைத்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வருடத் திருநாளன்று தூறல் விடவேயில்லை. கூட்டுக்கு மேலே தார்ப்பாய் கட்டச் சொல்லி நான் கத்திக்கொண்டிருந்தபோது சவரியாயியும் நோனாவும் ஒரே குடையில் வந்தார்கள்.

"ஒரு கடுதாசிதான் ஐயா. நான்தான் பெத்த தாயின்னு நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்" என்றாள் சவரியாயி.

"நானும் வந்து சொல்றேன், உபதேசியார் மாத்தயா" என்றாள் நோனா. "இவன் போறது எனக்கு விருப்பமே இல்ல. ஆனா தாய் தாய்தானே."

கூடு திரும்பி வரட்டும் என்றேன். கூடு வந்தது. கொடி இறக்கட்டும் என்றேன். இரண்டு பெண்களும் கொடிமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றார்கள். நான் திருப்பண்ட அறைக்குள் போய், மடித்த பூசைத் துணிகளையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

புதுச் சுவாமியார் கறாரான மனிதர். ஒரு பதிவு பொய் என்று தெரிந்தால் மற்றதையும் புரட்டுவார். பன்னிரண்டு பொய் வெளியே வரும். என் வேலை போகும், வேலையோடு மிஷன் தந்த வீடும் போகும். எனக்கு நான்கு பெண் பிள்ளைகள். இப்படி நியாயம் சொல்லிக்கொண்டேன். நான்கு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்கு இருந்த ஒன்றைப் பிரிக்க முடிவு செய்தேன். கோழை என்பதற்கு மேல் எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

கொடி இறங்கியதும் வெளியே வந்து சொன்னேன். "கோயில் புத்தகத்துல எழுதினது எழுதினதுதான், சவரியாயி. அதுல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல."

அவள் நம்பிவிட்டாள். கோயில் ஆள் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பி வளர்ந்தவள். நோனா நம்பவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குடையைச் சவரியாயி பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அதற்குப் பிறகு அவள் பூசைக்கு மாத்தளைக்குத்தான் போனாள்.

ஆகஸ்ட் மாதம் சவரியாயியும் இன்னாசியும் பையனை நோனாவிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். இரத்தோட்டை பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். போகாமல் இருந்தால் என்ன நினைப்பார்களோ என்றுதான். பதினைந்து வயதுப் பையன் தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்து பஸ் கூரையில் ஏற்றிக் கயிறு போட்டான். கட்டி முடிந்த பிறகும் இறங்காமல் முடிச்சையே இறுக்கிக்கொண்டிருந்தான். கொண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினான். தாயின் முகத்தைப் பார்க்காமல் நோனாவின் பக்கத்தில் போய் நின்றான். இன்னாசி ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான்.

சவரியாயி என்னிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

"என் மேல கோபமா?" என்று நானே கேட்டேன்.

"கோவம் என்னங்கய்யா" என்றாள். "அன்னைக்கு நீங்க எழுதாட்டி இவனும் அந்த மூணு பேரோட போயிருப்பான். எங்கயோ ஒரு எடத்துல உசுரோட இருக்கான்ல. நீங்களும் ஒங்க பிள்ளைகளும் நல்லா இருக்கணும்."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.