கோணிய வாயும் ஒரு டிரம்பெட்டும்

ஷாஜினியின் வாய் ஒரு வியாழக்கிழமை காலையில் கோணிப்போயிற்று. பல் தேய்த்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாக ஒழுகி நைட்டியை நனைத்தது. கண்ணாடியில் பாதி முகம் தூங்கிக்கொண்டிருந்தது. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் அவள். பக்கவாதமோ என்று இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடிந்தது. முகநரம்பு வாதம்தான் என்று புரிந்துவிட்டது. ஓடிப்போய் டிரம்பெட்டை எடுத்து ஊதினாள். புஸ்ஸென்று வெறும் காற்றுதான் வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த டிரம்பெட்டுக்காக அவள் சண்டை போடாத ஆளில்லை. ஊரில், கடியபட்டணத்து சர்ச் பேண்டுசெட்டில், பொம்பளப்பிள்ள ஊதக்கூடாது என்று கமிட்டிக்காரர் மறித்தபோது, "வானத்துல எக்காளம் ஊதுற கபிரியேல் சம்மனசு ஆணா பெண்ணான்னு கேட்டுச் சொல்லுங்க, நான் நிறுத்துகேன்" என்றவள்.

ஷார்ஜா வந்தபின், கைக்காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொள்ள வந்த பிலிப்பைன்ஸ்காரர் ரோமெல், அவள் முனகிய பாட்டைக் கேட்டுவிட்டு, தங்கள் ஜாஸ் குழுவுக்குப் பாடகியாக அழைத்தார். துபாயில் ஒரு ஹோட்டலில், சனிக்கிழமை மதிய விருந்தில் வாசிப்பு. பாடப் போனவள் அடுத்த வாரமே டிரம்பெட்டையும் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு மெட்டைப் பிடித்து, அதை அங்கேயே உடைத்து, தன் இஷ்டத்துக்கு வளைக்கிற ஜாஸ் அவள் சுபாவத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. நடுநடுவே அவள் பேசும் பேச்சுக்கே கூட்டம் வந்தது. "வாரமெல்லாம் ஊசி போடுறேன், இங்க வந்து ஊதுறேன். ரெண்டு இடத்திலயும் கத்துறது நீங்கதான்."

வாய் கோணிய வாரமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனாள். மூடாத கண்ணுக்கு மேல் பிளாஸ்டர். வாசலிலேயே ஹோட்டல் மேனேஜர் சேதுமாதவன் மறித்தார்.

"சரியாகிற வரைக்கும் ரெஸ்ட் எடும்மா. சாப்பிட வர்றவங்க முகம் சுளிப்பாங்க."

"அவங்களாவது சுளிக்கட்டும் சார். எனக்கு இப்ப சுளிக்கக்கூட வரல."

அவர் சிரிக்கவில்லை. ஷாஜினி அவரைச் சுற்றிக்கொண்டு போய் மேடையேறினாள். மைக்கைப் பிடித்து, "வலது பக்கம் லீவுல ஊருக்குப் போயிருக்கு. இடது பக்கம் ஓவர்டைம் பாக்குது" என்றாள். கூட்டம் தயங்கியது, பிறகு வெடித்துச் சிரித்தது. பாடினாள். உதடு சேராததால் 'ப'வும் 'ம'வும் வழுக்கின. வழுக்கிய இடத்தையெல்லாம் தொண்டையாலேயே நிரப்பினாள். இரண்டாவது பாட்டில் மைக் செத்தது. சேதுமாதவன் ஆளிடம் சொல்லி அணைக்க வைத்திருந்தார். அவள் மேடையை விட்டு இறங்கி, மேசைகளுக்கு நடுவே நடந்து, வெறுந்தொண்டையில் பாடி முடித்தாள்.

அத்தோடு ஹோட்டல் வேலை கலாஸ், முடிந்தது. ரோமெலும் டிரம்ஸ் வாசிக்கிற நூஹுவும் அவளோடேயே வெளியே வந்தார்கள்.

"முகம் கொஞ்சம் கொஞ்சமா அசையும். டிரம்பெட்டை மறந்துடுங்க" என்றார் நரம்பு டாக்டர்.

"மறக்கணும்னா மூளைல வந்திருக்கணும் டாக்டர். எனக்கு மூஞ்சியிலல்லா வந்திருக்கு."

ரூமில் இருந்த மற்ற நர்ஸுகளுக்குத் தொந்தரவு வேண்டாமென்று, டூட்டி முடிந்ததும் மணல்மேட்டோரம் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஊதினாள். கருவியை இடது ஓரத்துக்கு நகர்த்திப் புதிதாகப் பழகினாள். எச்சில் வழிந்தது. ஆத்திரத்தில் எச்சில் துடைத்த துண்டைத் தூக்கி ஸ்டியரிங்கில் அடித்த நாட்களும் உண்டு. மாதங்கள் போய் ஒரு சாயங்காலம், எருமைக்கன்று கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவள் அதையே திரும்பத் திரும்ப ஊதினாள்.

உச்சத்துச் சுரங்கள் திரும்பவேயில்லை. பதிலுக்கு, கீழே கரகரவென்று ஒரு குரல் அந்தப் பித்தளைக்குள் குடியேறியிருந்தது. "இது முன்னயவிட உண்மையா இருக்கு" என்றார் ரோமெல்.

துபாயின் அல் கூஸ் பகுதியில் கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய சின்ன அரங்கில் மூவரும் வாசிக்கத் தொடங்கினார்கள். பேர் பரவியதும் சேதுமாதவனிடமிருந்து போன் வந்தது.

"புத்தாண்டுக்கு வர்றியாம்மா? முகம் தெரியாம லைட்டைப் பக்கவாட்டுல போட்டுக்கலாம்."

"நேரா லைட் போடுற இடத்துல எனக்கு வேலை இருக்கு சார்" என்று வைத்துவிட்டாள்.

இப்போதும் சனிக்கிழமைகளில் அந்தக் கிடங்கு அரங்கில் ஊதுகிறாள். நீளமாக ஊதினால் வலது ஓரத்தில் எச்சில் வழியும். முன்பு திரும்பி நின்று துடைப்பாள். இப்போது கூட்டத்தைப் பார்த்தபடியே புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்த பாட்டுக்கு நூஹுவிடம் தலையாட்டுகிறாள்.