மேரிடன் என்ற பெயருக்குப் பின்னால்

வில்ஃப்ரெட் ஆஷ்வொர்த்துக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. பிழைக்க மாட்டான் என்றார்கள், பிழைத்தான். இடது காலால் அடிக்கட்டைகளை மிதித்துச் சுரம் எழுப்ப முடியாதவனுக்கு ஆர்கன் வாத்தியம் எதற்கு என்றார்கள்; வலது காலை அங்கும் இங்கும் ஓடவிட்டே வாசித்தான். தேவாலயத்தில் பயின்றவர்களை முந்திக்கொண்டு பிளாக்பர்ன் நகரின் மெஜஸ்டிக் சினிமா கொட்டகையில், காட்சிகளுக்கு இடையே ஆர்கன் வாசிக்கும் வேலை வாங்கினான். செவ்வாய்தோறும் மதியம் கொட்டகையிலிருந்தே ஒலிபரப்பான அவன் வாசிப்பை நாடே வானொலியில் கேட்டது.

பெயர் மட்டும் கிடைக்கவில்லை. கொட்டகையில் முதலில் வாசித்தவருக்கு முதலாளிகள் சூட்டிய பெயர் கிளைவ் மேரிடன். அவர் போன பிறகும் பெயரை விடவில்லை. அடுத்து வந்தவரும் மேரிடன்தான், வில்ஃப்ரெடும் மேரிடன்தான். ரசிகர்கள் நீட்டும் படங்களில்கூட அப்படித்தான் கையெழுத்துப் போட்டான்.

தாயில்லாத தம்பியைத் தறி ஓட்டி வளர்த்த அக்கா ஹில்டாவுக்கு அது ஆறவே இல்லை. கொட்டகை மேலாளர் கடைசியில் இறங்கி வந்து, வருகிற செவ்வாய்க்கிழமை வானொலியில் அவன் சொந்தப் பெயரையே சொல்லச் செய்வதாக வாக்களித்தார். ஹில்டா தறிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்தச் செவ்வாய் மதிய இடைவேளையில் பெண்கள் எதிர்வீட்டு நெல்லி பிக்கப்பின் சமையலறையில் கூடினார்கள்.

"ஏம்மா ஹில்டா, உன் தம்பி உன் தம்பிங்கிற. வானொலிக்காரன் வேற எவனையோல்ல சொல்லிட்டிருக்கான்?" என்றாள் நெல்லி.

"இன்னிக்குக் கேளு. கேட்டுட்டுப் பேசு."

வாசிப்பு அருமையாக இருந்தது. முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: "வாசித்தவர், கிளைவ் மேரிடன்."

நெல்லி வானொலியை அணைத்தாள். "டீ ஆறுது, குடிம்மா," என்றாள். அவள் கேலி செய்திருந்தால்கூட ஹில்டா தாங்கியிருப்பாள்.

மாலையில் வில்ஃப்ரெட் காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"மேனேஜர் என்னதான் சொன்னாரு?"

"ரசிகருங்க கடுதாசி எல்லாம் மேரிடனுக்குத்தான் வருதாம். ஆஷ்வொர்த்னா யாருக்குடா தெரியும்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க அக்காவுக்குத் தெரியும்னேன். சிரிச்சாரு. சனிக்கிழமையோட நின்னுக்கிறேன்னுட்டேன்."

"கொட்டகைய விட்டா வானொலியும் போயிடும்டா."

"தெரியும்க்கா."

சனிக்கிழமை கடைசிக் காட்சிக்குப் பிறகு அக்காவைத் திரைக்குப் பக்கத்து ஏணி வழியே, ஆர்கனின் குழாய்கள் நிற்கும் அறைக்கு அழைத்துப் போனான். அவன் ஏற வெகுநேரம் ஆனது. விலகிப் போகிற வாசிப்பாளர் அந்த அறைக் கதவின் உட்புறம் பெயர் எழுதிவிட்டுப் போவது அவர்களிடையே வழக்கம். முன்பிருந்த மேரிடன்கள் இருவரும் எழுதியிருந்தார்கள்: ஆல்பர்ட் ஸ்லேட்டர், ஜோ கிரீன்ஹால். அதுவரை ஹில்டா கேள்விப்பட்டிராத பெயர்கள்.

கீழே புதிய மேரிடன் ஒத்திகை தொடங்கியிருந்தார். சுற்றியிருந்த குழாய்கள் அதிர்ந்தன. ஹில்டா விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். வில்ஃப்ரெட் பென்சிலை எடுத்தான்.

அந்தக் கொட்டகையில் அவன் தன் சொந்தப் பெயரில் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 1937 நவம்பர் 6, சனிக்கிழமை.