அழுத்தினால் இறங்கும் கை

அன்று காலை மகளின் சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. அவளுக்கு அப்போது எட்டு மாதம். காஜாதான் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்து வேறு சட்டையை எடுத்தேன். அதிலும் பொத்தான் நுழையவில்லை. பிறகுதான் என் விரல்களைப் பார்த்தேன். கணுக்கள் வீங்கியிருந்தன. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

வெயில் ஏறியதும் விரல்கள் இளகிவிட்டன. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கும் காலையில் விறைத்துப் பகலில் சரியாகிறதென்றால், என்னைப் போல் காத்திருக்காதீர்கள்.

கள்ளக்குறிச்சி வீட்டில் நானும் மகளும் நாத்தனார் சுமதியும்தான். சுமதி துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கணவருக்கு ஓசூரில் வேலை. விடுமுறை கிடைத்தால் வருவார். டாக்டரிடம் நான் தனியாகவே போனேன்.

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சொன்ன பெயர் முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்). வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரையை எழுதினார்.

“பால் குடுக்கறத நிறுத்திடணும்மா.”

“எப்பலேர்ந்து சார்?”

“மாத்திரை போடறதுக்கு முன்னாடியே.”

“நான் எதாவது சாப்பிடக் கூடாதத சாப்ட்டேனா சார்?”

“நீங்க எதுவும் பண்ணலம்மா. இது தானா வர்றது.”

அதை நான் நம்பவில்லை. வீடு திரும்பும் பேருந்தில், பிரசவத்துக்குப் பின் சாப்பிட்டதையெல்லாம் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்துக்கொண்டிருந்தேன். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது.

நோய் தோளுக்கு ஏறியது. ஒரு நாள் மகளைத் தரையிலிருந்து தூக்கும்போது வலது தோள் விட்டுவிட்டது. அவள் என் மடி வழியாகச் சறுக்கிக் கீழே உட்கார்ந்தாள். அடி இல்லை. அழக்கூட இல்லை, என் முகத்தையே பார்த்தாள். அதற்குப் பிறகு நான் அவளைத் தூக்கவில்லை.

குழந்தைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். அவள் கோவையாகப் பேசிய முதல் வாக்கியம், “அம்மாக்குக் கை வலிக்கும், அத்த தூக்கு.” சுமதி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்வாள்: “அண்ணி, உங்க பொண்ணு என்னைய வேலைக்கு வெச்சிக்கினா. சம்பளந்தான் தர மாட்டேங்கறா.” நானும் சிரிப்பேன். பிறகு சமையலறையில் ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவேன்.

மாத்திரை மெல்ல வேலை செய்தது. வீக்கம் இறங்கியது. “இனிமே கையக் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க” என்றார் டாக்டர். கைதான் அதை நம்பவில்லை. அதனால் பிசியோதெரபி அறைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கிருந்த பெண் கினீசியாலஜி (தசைகளும் மூட்டுகளும் எப்படி அசைகின்றன என்று ஆராயும் முறை) படித்தவர். கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, மணிக்கட்டின் மேல் அழுத்தினார். கை இறங்கிவிட்டது. மறுவாரமும் இறங்கியது. பயிற்சிகளைத் தவறாமல் செய்தும், யார் அழுத்தினாலும் இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆனால் எந்த வேலையை எந்தத் தசை செய்கிறது என்று அவர் விளக்கும்போது, என் உடம்பைப் பற்றி முதல்முறையாகப் பயமில்லாமல் கேட்டேன். அதையே படிக்கத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைச் சுமதியிடம் விட்டுவிட்டு, சின்னசேலம் வழியாகச் சேலத்துக்குப் பேருந்தில் போய்ப் படித்தேன். அந்த வகுப்பில் சிலர், கையை அழுத்திப் பார்த்தே எந்த மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார்கள். நம்ப மிகவும் ஆசையாக இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். “மாத்திரைய ரத்தத்தக் கேட்டு முடிவு பண்ணலாம்மா. கையக் கேட்டு வேணாம்” என்றார். இன்றுவரை மாத்திரையை நிறுத்தவில்லை. என்னிடம் வருபவர்களிடமும் அதையே சொல்கிறேன்.

படித்து முடித்ததும், மாடியிலிருந்த அதே பிசியோதெரபி அறையில் காலை நேரத்தை எனக்கு ஒதுக்கினார்கள். என் கையே நிற்காதபோது அடுத்தவர் கையை நான் சோதிப்பது சரிதானா என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

ஒரு நாள் கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைக்கும் மேலே உள்ள ஊரிலிருந்து ஓர் அக்கா தோள் வலி என்று வந்தார். சாமை விதைக்கிற குடும்பம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையை நீட்டச் சொல்லி, அப்படியே பிடித்திருங்கள் என்றேன். “சரிங்க” என்றார். அழுத்தினேன், இறங்கியது. வலியில்லாத கையை அழுத்தினேன், அதுவும் இறங்கியது. ஆனால் சற்று முன்புதான் அந்தக் கையால் ஒரு பெரிய பலாப்பழத்தை மாடி வரைக்கும் தூக்கி வந்து வைத்திருந்தார்.

“அக்கா, நான் அழுத்தறப்ப இன்னா பண்றீங்க?”

“நீங்க அழுத்தறீங்க, நான் எறக்கறேன்.”

“எறக்கக் கூடாதுக்கா. புடிச்சிக்கினு இருக்கணும்.”

“அதெப்டிங்க? நீங்க எறக்கச் சொல்ல, நான் எதுத்துக்கினு நிக்கறதா? நல்லாவா இருக்கும்?”

“நல்லாத்தான் இருக்கும். எதுத்து நில்லுங்க.”

அவர் வாசலைப் பார்த்தார். “வூட்டுக்காரரு டீ குடிக்கப் போயிருக்காரு. அப்ப சரி.”

இந்த முறை என் இரண்டு கைகளாலும் அழுத்தினேன். கை அசையவில்லை. “இன்னும் அழுத்துவீங்களா, இல்ல போதுமா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. என் கை நினைவுக்கு வந்தது. அதுவும் இப்படித்தான் இறங்கியதா? தோளில் உண்மையாகவே பலவீனம் இருந்தது. அதில் எவ்வளவு நோய், எவ்வளவு பணிவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இப்போதும் முடியாது.

அன்று மாலை, பாயில் உட்கார்ந்து கையை நீட்டினேன். “அழுத்து” என்றேன் மகளிடம். மூன்று வயதுக்காரி முழு பலத்தோடு அழுத்தினாள்.

“எறக்குமா.”

“மாட்டேன்.”

அவளுக்கு அது புதிய விளையாட்டு. என் கையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். கை நடுங்கியது, ஆனால் நின்றது. எழுந்து அவளை இரண்டு கைகளாலும் தூக்கினேன்.

“அம்மாக்கு வலிக்கும்” என்றாள்.

“கொஞ்சம் வலிக்குது. பரவால்ல.”

என் கைகளுக்குக் கைக்குழந்தையின் எடைதான் நினைவிருந்தது. இது வேறு யாருடைய பிள்ளையோ போல் கனத்தது. நடுவில் இருந்த எடைகளெல்லாம் சுமதியின் இடுப்புக்குத்தான் தெரியும்.

காலையில் இப்போதும் விரல்கள் விறைக்கின்றன. முன்பு போல அவசரப்படாமல், அவை இளகும்வரை படுக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் நின்று மகள் தன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொள்கிறாள். சில நாள் ஒரு பொத்தான் மாறிப்போகிறது. நான் கை நீட்டுவதற்குள் அவளே அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து போடுகிறாள்.