வாசலில் செருப்பு இல்லாத நாள்

எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த தளபாடக் கடை பூட்டப்பட்டு, அந்த இடத்தில் சூதாட்ட இயந்திரக் கூடம் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்று, இவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்துவிட்டுச் சாப்பிடாமலே கையைக் கழுவினார். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, எழுதவும் கை வரவில்லை.

இத்தாலியின் பலேர்மோவில், கபோ சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிறோம். நான் பொலிதேயாமா பக்கம் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை செய்கிறேன். இவர் துறைமுகத்தடியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். அந்த உணவகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு கூடம் இருந்தது. யன்னல் இல்லை, மணிக்கூடு இல்லை, எந்நேரமும் குளிர்ந்த காற்று. கொதிக்கிற குசினியிலிருந்து வெளியே வந்த மனிசனை முதலில் அந்தக் காற்றுத்தான் பிடித்தது, பிறகு மெஷின் பிடித்தது. அந்த வருடங்களை விவரமாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. என் தாலிக்கொடி இப்போது யார் கழுத்தில் என்ன உருவத்தில் கிடக்கிறதோ, அந்த அம்மனுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் அந்த அம்மனுக்கு முன்னாலேயே கற்பூரத்தை அடித்து அணைத்து, இனி விளையாடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேலே சத்தியம் கிடையாது. அதையும் முறித்தார். கடைசியில் வங்கி அட்டையை என்னிடம் தந்துவிட்டு, அந்தக் கூடம் இருக்கிற தெருவையே விட்டுக் கடற்கரைப் பக்கமாகச் சுற்றி நடக்கத் தொடங்கிய பிறகுதான் பழக்கம் விட்டது. ஆனால் சத்தியம் முறித்த நாளிலிருந்து கோயிலுக்குள் வருவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கூட்டி வந்து வாசலுக்கு வெளியே நிற்பார், சப்பாத்துக் கழற்றமாட்டார்.

“இஞ்சை பாரும்,” என்றார் கையைத் துடைத்தபடி. “துறைமுகப் பக்கம் எண்டால் நான் சுத்திப் போவன். இது வீட்டு வாசல். படியாலை இறங்கினால் அதுக்கு முன்னாலைதான் காலை வைக்கவேணும். எங்காலை சுத்துறது?”

நான் பிசைந்த சோற்றை எடுத்து மூடி வைத்தேன்.

எதிர்ப்பைத் தொடங்கியவர் மேல்மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒல்லியான மனுசி, தொண்டை மட்டும் சந்தை வியாபாரியின் தொண்டை. மீன்காரர், மருந்துக் கடைக்காரி, முடி வெட்டுகிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. பல்கனிகளில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு, பெரிய எழுத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதினோம். பலேர்மோவில் வாகனத்துக்கு இடம் பிடிக்கத் தெருவில் கதிரை வைப்பார்கள். அதே கதிரைகளை அந்தக் கடை வாசலில் போட்டு, பின்னேரங்களில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். கடையை எடுத்தவர்களின் ஆட்கள் வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, உன்னிடம் இந்த நாட்டில் தங்கப் பெர்மெஸ்ஸோ இருக்கிறதா என்று சிரித்தபடி கேட்டான். இருக்கிறது என்றேன். அடுத்த நாளிலிருந்து அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தேன்.

ஆசிரியைதான் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டு இடத்துக்கும் கிட்ட, குறிப்பிட்ட தூர எல்லைக்குள், இப்படிப்பட்ட கூடம் திறக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. பள்ளிக்கூடம் எல்லைக்கு அப்பால். பக்கத்துத் தேவாலயம் கூரை இறங்கிப் பல காலமாகப் பூட்டு. மிஞ்சியது எங்கள் அம்மன் கோயில். ஒழுங்கை முனையில், முன்பு எலுமிச்சைப் பெட்டி அடுக்கிய களஞ்சியம் அது. காகிதத்தில் அது கலாச்சாரச் சங்கம். நேரில் பார்த்து இது வழிபாட்டு இடம்தான் என்று கொமூனே எனப்படும் நகரசபையின் அதிகாரி எழுதிக்கொடுத்தால் கீழே கூடம் வராது. எழுதாவிட்டால் வரும். ஆசிரியை எங்கள் சங்கத் தலைவரிடம் வந்து, ஒன்றையும் மாற்ற வேண்டாம், வழக்கம்போல் பூசை நடக்கட்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அதிகாரி வருகிற காலையில் சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். இவரும் வந்து வழக்கம்போல் கதவுக்கு வெளியே நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை.

உள்ளே போனேன். அம்மனுக்கு முன்னால் கனத்த திரை. வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள். சுவரில் இத்தாலியக் கொடி. சாம்பிராணி மணம் போய் நிலம் துடைக்கிற திராவக மணம். ஐயரின் விபூதியை அழித்து, வேட்டிக்குப் பதில் களுசான் போடவைத்து, காரியதரிசி மாதிரி மேசையடியில் இருத்தியிருந்தார்கள். எல்லோர் காலிலும் சப்பாத்து. ஊரெல்லாம் வீடு துடைக்கிற சனம் நாங்கள், ஒரு கோயிலையே தடயமில்லாமல் துடைத்து வைத்திருந்தோம்.

“என்னண்ணை இது? செருப்பெல்லாம் எங்கை?” என்று தலைவரைக் கேட்டேன்.

“கொமூனேக்காரன் வரேக்கை ரோட்டிலை செருப்புக் கிடந்தால் வடிவே, தங்கச்சி? பையிலை கட்டி உள்ளுக்கை வைச்சிட்டு எல்லாரும் சப்பாத்துப் போட்டிட்டம்.”

“கோயில் எண்டு காட்டத்தானே அந்தாள் வருது!”

“ஓம், ஓம். ஆனால் பேப்பரிலை சங்கம் எண்டெல்லோ கிடக்கு. பிழை பிடிச்சுப் பூட்டிப்போட்டால்? பிறகு அம்மனை எங்கை கொண்டுபோறது?”

அவரைத் திட்ட வாய் வந்தது. ஆனால் அது அவருடைய பயம் மட்டுமா? பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் வரிசைகளில் நின்று நின்று நாங்கள் எல்லோரும் படித்த பாடம் அதுதான். அதிகாரி என்றால் ஒதுங்கு, ஒளி, ஒன்றுமில்லை என்று சொல்லு. திரையை இழுக்கப் போனேன். அதற்குள் ஆசிரியையோடு அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

களைத்த முகம், மரியாதையான மனிதர். நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். இங்கே வழிபாடு நடக்கிறதா என்று கேட்டார். தலைவருக்கு நாக்கு பழைய தடத்திலேயே ஓடியது. நாங்கள் அமைதியான ஆட்கள், சத்தம் போடுவதில்லை, பிள்ளைகளுக்குப் பாட்டும் நடனமும்தான் என்றார். ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

நான் வாசலைப் பார்த்தேன். இவர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். வீட்டுக்குக் கீழே எரியப்போகிற வண்ண வெளிச்சம் அப்போதே அந்த முகத்தில் விழுந்ததுபோல் இருந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

திரைக்குப் பின்னால் என்ன என்று அதிகாரி கேட்டார். சாமான் வைக்கிற இடம் என்றார் தலைவர். அப்படியா என்று சொல்லி, அவர் சப்பாத்துக் காலோடு திரையை நோக்கி நடந்தார்.

“ஸ்கார்ப்பே!”

இவருடைய குரல். “சிஞ்ஞோர், சப்பாத்து! சப்பாத்தோடை போகாதேங்கோ!” பாதி இத்தாலியன், பாதி தமிழ். அந்தக் கத்தலில் எல்லோரும் குனிந்து தங்கள் கால்களையே பார்த்தோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலில் நான்தான் கழற்றினேன். பிறகு ஐயர். பிறகு கதிரைகள் உரச, ஒவ்வொருவராக.

சாமான் அறைக்கு எதற்குச் சப்பாத்துக் கழற்றவேண்டும் என்று அதிகாரி வாசலைப் பார்த்துக் கேட்டார். இவர் குசினியில் படித்த இத்தாலியனில் சொன்னார். அங்கே அம்மன் இருக்கிறா என்றார். அவவுக்கு முன்னால் சத்தியம் செய்து, கீழே வரப்போகிறதுபோல ஒரு கூடத்தில் போய் அதை முறித்தேன் என்றார். அதனால்தான் நான் உள்ளே வருவதில்லை, வெளியே நிற்கிறேன் என்றார்.

எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, பெருமையும் வந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

அதிகாரி குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். ஐயர் திரையை இழுத்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒளித்தவர்களுக்கு அதை அணைக்க மட்டும் துணிவு வரவில்லை. அதிகாரி கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு வெறுங்காலோடேயே எழுதினார்.

எங்களுக்குக் கீழே கூடம் வரவில்லை. அதில் இப்போது மரக்கறிக்காரர் பெட்டி அடுக்குகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கீழே கடையை எடுத்த அதே ஆட்கள் எல்லைக்கு அப்பால், பொலிதேயாமாவுக்குப் போகிற வழியில், இவர் சுற்றி வருகிற பாதையிலேயே, வேறு கடை எடுத்துத் திறந்துவிட்டார்கள். இவர் இப்போது அதையும் சுற்றித்தான் வருகிறார். வழி நீண்டுவிட்டது.

வேலை முடிந்தால் வீட்டுக்கு முதல் கோயிலுக்கு வாரும், நானும் அங்கேயே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பின்னேரம் ஒழுங்கைக்குள் திரும்பும்போது வாசலில் கிடக்கிற செருப்புக் குவியலில் இவருடைய இடது குதி தேய்ந்த கறுப்புச் சப்பாத்தைத் தேடுகிறேன். அதைக் கண்ட பிறகுதான் அம்மனைக் கும்பிடக் கை எழும்புகிறது.