வெள்ளிக்கிழமை பத்து இருபது

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் சேலை டிசைன் வரையும் வேலை எனக்கு. இருந்தது ஒரே லேப்டாப். அதில் நானும் எனக்குப் பின் சேர்ந்த ஒரு பெண்ணும் மாறிமாறி வரைவோம். நான் கணினியில் டிப்ளமோ, அவள் பிளஸ் டூ. ஆனால் தறிக்குப் போனவை பெரும்பாலும் அவள் டிசைன்கள். கீழே கடையில் யாராவது அவள் அன்னம் போட்ட முந்தானையை விரித்துப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

அந்த லேப்டாப்பின் கடிகாரம் பின்தங்க ஆரம்பித்தது. காலையில் சரிசெய்தால் சாயங்காலம் அரைமணி, முக்கால்மணி குறைத்துக் காட்டும். அது என்னவென்று பார்க்கும்படி முதலாளி என்னிடம் சொன்னார். உள்ளூர சந்தோஷம். இதிலாவது அவள் என்னை முந்த முடியாது.

நோட்டில் எழுதிக்கொண்டேன்.

1. இந்திய நேரம்தான் வைத்திருக்கிறதா: சரி.
2. வைரஸ்: இல்லை.
3. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி: புதிது போட்டும் பலனில்லை.
4. மாடிக்கு யாரும் வராத ஞாயிறு முழுக்க ஓடவிட்டது: ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

நாலாவது உறுத்தியது. அடுத்த வாரம் மணிக்கொரு தடவை என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். செவ்வாய் மூன்று மணிக்கு மேல் குறைந்தது. புதன் மதியம். வெள்ளி பத்தரைக்கு மேல். திங்கள் மட்டும் குறையவே இல்லை. சுவர் நாள்காட்டியைப் பார்த்தேன். எல்லாமே ராகு காலம். திங்களன்று அது கடை திறக்கும் முன்பே முடிந்துவிடும்.

பிரிண்ட் தாளின் அடியில் டிசைனைச் சேமித்த நேரம் விழும். முதலாளி முதலில் பார்ப்பது அதைத்தான்.

அவளிடம் கேட்டேன். "டைம பின்னாடி தள்றது நீதானா?"

"ஆமாக்கா. ராவு காலத்துல சேவ் பண்ணா அவரு தாளையே தொட மாட்டாரு. ஒன்றர மணி நேரம் கைய கட்டிக்கினு உக்காரவா? அப்பால திருப்பி வெக்க மறந்துடறேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ நோட்டு போட்டு கண்டுபுடிச்சிக்கினு இருந்தியே, கெடுக்க வேணாம்னு பாத்தேன்."

அவள் ஜெயிக்கும் வழி இதுதான் என்று நினைத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. கல்யாண சீசனுக்கு ஒரே ஒரு யாளி பார்டர் எடுக்கப்போவதாக அவர் சொல்லியிருந்தார். அவள் தன்னுடையதை முந்தின நாளே கொடுத்துவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றேகாலுக்கு என் யாளியை முடித்தேன். கடிகாரத்தைப் பத்து இருபதுக்குத் தள்ளிச் சேமித்து, பிரிண்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

முதலாளி அடியைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"டைம் நல்லாத்தான் இருக்குதும்மா. யாளி கால் ஊனி நிக்கல பாரு. தறியில ஏத்தினா மெதக்கும். அந்தப் பொண்ணு போட்டது ஜம்முனு நிக்குது, அதையே எடுத்துக்கலாம்."

மாடிக்கு வந்தேன். அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். அவள் ஃபைலைத் திறந்து, அவள் யாளியின் பாதம் பார்டரின் அடிக்கோட்டில் எத்தனை டிசைன் கட்டம் பதிந்திருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தேன்.