கியரில் கட்டிய சாமந்தி

விஜயதசமி காலையில், செம்பூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில், நான் ஒரு ஆட்டோக்காரரை அடித்தேன். ஐம்பது வயதுவரை யார் மேலும் கை வைத்ததில்லை.

பதினாறு வயது மகள் கியர் சைக்கிளில் மாதுங்காவுக்கு டியூஷன் போகும்போது, நான் ஸ்கூட்டரில் பின்னால் போவேன். அவளுக்கு அது பிடிக்காது, எனக்குப் பயம். அன்று நடுவில் ஒரு பஸ் புகுந்துகொண்டது. அது விலகியபோது அவள் சாலையில் குப்புறக் கிடந்தாள். வாயெல்லாம் ரத்தம். இரண்டடி பின்னால் ஒரு ஆட்டோ குறுக்காக நின்றது.

ஓட்டுநர் இறங்கி அவளைத் தூக்கக் குனிந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தேன். தொடவே இல்லை சாப் என்று இந்தியில் கத்தினார். மறுபடி அறைந்தேன். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவன் ஹெல்மெட்டால் அவர் மூக்கில் அடித்தான். இன்னொருவன் ஆட்டோவின் முன்கண்ணாடியைக் கல்லால் உடைத்தான். விலாவில் உதை விழும் சத்தம் கேட்டது. நான் மகளை அள்ளிக்கொண்டு ஒரு டாக்ஸியில் ஏறினேன். விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முன்பற்கள் இரண்டு போயின. தாடையில் தையல். மாலையில் வீங்கிய உதட்டோடு அவள் சொன்னாள்: "ஆட்டோ இடிக்கலைப்பா. ஏத்தத்துல கியர் மாத்தினேன், பின் வீல் அப்படியே லாக் ஆயிடுத்து. அந்த அங்கிள் வண்டியைக் குறுக்கே போடலேன்னா பஸ் என் மேல ஏறியிருக்கும்."

"அதிர்ச்சில உளறாதே," என்றேன்.

ஆட்டோதான் இடித்தது என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்காகவே மறுநாள், மேம்பாலத்திலிருந்து மீட்டு வந்த சைக்கிளைத் தாராவிக்கு, ஒரு திருநெல்வேலிக்காரர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் அதைத் தலைகீழாக நிறுத்தினார்.

"இடிபட்ட தடமே இல்லையே சார். இங்கன பாருங்க. ஏத்தத்துல மிதி லேசாவணும்னா செயின் பெரிய பல்சக்கரத்துக்குப் போவணும். அதைத் தள்ளி விடுதது இந்தக் கியர் கை. சம ரோட்டுல இது சக்கரத்துக் கம்பிய விட்டுத் தள்ளி நிக்கும். பெரிய பல்லுக்கு மாத்துனா கம்பிய ஒட்டி உள்ள போயிரும். அப்போ இதுல நூலு தொங்குச்சின்னா, கம்பி கையவே உள்ள இழுத்துரும்லா. பொறவு சக்கரம் எங்கன சுத்த?"

குறட்டால் பிடித்து இழுத்தார். கிரீஸில் கறுத்த நூல், அதில் இரண்டு மஞ்சள் இதழ்கள்.

"கியருல போயி பூ கட்டுன புண்ணியவான் யாரு சார்?"

நான்தான். சைக்கிளிலேயே விலை அதிகமான பாகம் அது என்று வாங்கியபோது சொன்னார்கள். அதனால் ஆயுத பூஜையன்று அதற்கே சந்தனம் வைத்து, சாமந்திச் சரத்தை மூன்று முடிச்சு போட்டுக் கட்டினேன். விஜயதசமி காலையில் கிளம்பும்போது மகள் அதைப் பிய்க்கப் போனாள். "பூஜைப் பூ. தானா விழட்டும், கை வைக்காதே," என்று அதட்டினேன்.

இரண்டு நாள் ஆட்டோ ஸ்டாண்டுகளில் அலைந்தேன். செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே, முன்கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஒரு ஆட்டோ நின்றது. மூக்கில் கட்டோடு அவர் பின்சீட்டில் சாய்ந்திருந்தார். அருகில் போனேன். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டார்.

தப்பு என்னுடையது என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில். அவர் கைகளை இறக்கவில்லை.