பசுவின் பெயரில் ஏழு மஞ்சள் சீட்டுகள்

என் அக்கா புருஷன், அதாவது என் அத்தான், ஒரு பால் பண்ணையில் தீவனம் கலக்குகிறவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், தெரியாது, அதனால்தான் சொன்னபோது அவ்வளவு கேவலமாக மாட்டிக்கொண்டார். நான் அதே பண்ணையில் பால் கறக்கிறேன். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

கன்று போட மூன்று வாரம் இருக்கும் பசுக்களுக்குப் பண்ணையில் தனிக் கொட்டகை. கன்று போட்டதும் விழுந்துவிடாமல் இருக்க அவற்றின் தீவனத்தில் ஒரு கசப்பு உப்பைக் கலக்க வேண்டும். தினமும் காலையில் அத்தான் குவளையோடு பசுவின் பின்னால் போய் நிற்பார். அது மனது வைக்கும்வரை காத்திருந்து, மூத்திரம் பிடித்து, அதில் ஒரு காகிதச் சீட்டை நனைப்பார். சீட்டு மஞ்சளானால் உப்பு வேலை செய்கிறது, நீலமானால் இல்லை. சீட்டை நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும். என் அக்கா வாய் திறந்து பேசும்போதுகூட அவர் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

வம்பு டீச்சரால் வந்தது. டீச்சர் என்பது ஒரு பசு. வீட்டுப்பாடம் செய்யாதவனைப் பார்ப்பதுபோல் எல்லோரையும் முறைக்கும், அதனால் அந்தப் பெயர். போன முறை கன்று போட்ட அன்றே உடம்பில் கால்சியம் இறங்கி விழுந்துவிட்டது. "இந்தத் தடவையும் விழுந்தா வித்துடலாம்" என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். விற்றால் எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். அத்தானுக்கோ அந்தப் பசுமேல் கொள்ளை ஆசை.

டீச்சர் கசப்பு உப்பை முகர்ந்து பார்த்தது. தொட்டியிலிருந்து தலையைத் தூக்கி அத்தானை முறைத்தது. இரண்டு நாள் சரியாகத் தின்னவில்லை. மூன்றாம் நாள் அத்தான் யாருக்கும் தெரியாமல் அரை வாளி கரும்புப் பாகை ஊற்றினார். தொட்டி பளிச்சென்று காலியானது. முறைப்பும் நின்றது. ஆனால் சீட்டு நீலம். பாகைக் கூட்டினார். இன்னும் நல்ல நீலம். "ஏன் இன்னும் நீலமாவே இருக்கு?" என்று முதலாளியம்மா நோட்டைத் தட்டிக் கேட்டார்.

"சீட்டு கெட்டுப்போச்சு போலிருக்கு," என்றார் அத்தான் என்னிடம். சோதித்துப் பார்க்க இன்னொரு பசுவின் பின்னால் நிற்கப் பொறுமையில்லை. குவளையோடு கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தபோது சீட்டு அருமையான மஞ்சள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஏழு நாளும் டீச்சரின் பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டினார். ஏழும் அவருடையது.

"எந்திரிச்ச உடனே பண்ணைக்கு ஓடுறீங்களே, நம்ம வீட்டுல பாத்ரூம் இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

"வேலை இருக்கு," என்றார். அது மட்டும் பொய்யில்லை.

எட்டாம் நாள் காலை டீச்சர் ஒரு பெண் கன்று போட்டது. மத்தியானம் கால் தள்ளாடிப் படுத்தது. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டது. காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அத்தான் அழுதேவிட்டார். மாட்டு டாக்டர் வந்து கழுத்து நரம்பில் கால்சியத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே நோட்டைப் பார்த்தார்.

"கடைசி ஏழு நாளும் மஞ்சள். இவ்வளவு சுத்தமான மஞ்சளை நான் பாத்ததே இல்ல. உப்பு நல்லா பிடிச்சும் விழுதுன்னா..."

"மாட்டு உடம்புலதான் கோளாறு," என்று முதலாளியம்மா முடித்தார். "எந்திரிச்சதும் வண்டிக்குச் சொல்லிடுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மாட்டு மேல தப்பில்லம்மா," என்றார். "அந்த மஞ்சள் அதோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"என்னோடது."

பிறகு அவரே பாகுக் கதையையும் சொல்லி முடித்தார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கழுத்துல ஒரு குட்டிச் சுரப்பி இருக்குய்யா. பால் சுரந்ததும் ரத்தத்துல கால்சியம் குறையும். அந்தச் சுரப்பி எலும்புகிட்ட போய்க் கேக்கும். ரத்தம் கொஞ்சம் புளிச்சிருந்தாத்தான் எலும்பு காது குடுக்கும். அதுக்குத்தான் உப்பு. பாகுல இருக்கிற பொட்டாசியம் அந்தப் புளிப்பை அடிச்சிடும். நீங்க பாசமா ஊத்துனதுதான் அதைப் படுக்க வெச்சிருக்கு." நோட்டை மறுபடி புரட்டினார். "இதுல இருக்கிறபடி பாத்தா, கன்னு போட முழுசா தயாரா இருந்தது நீங்கதான்."

முதலாளியம்மா சிரிக்கவில்லை. "மாடு இருக்கட்டும். பாகைப் பூட்டி வைங்க. நோட்டுல இவர் பேருக்கும் ஒரு பக்கம் போடுங்க. இனிமே ரெண்டு சீட்டும் தினமும் என் மேசைக்கு வரணும்."

அரை மணி நேரத்தில் டீச்சர் பெரிய ஏப்பம் விட்டு எழுந்தது. நேராக அத்தானிடம் வந்து, பாகு வாளி பிடிக்கும் கையை நக்கித் தேடியது.

"இல்லடி," என்றார். "இனிமே கெடையாது."

டீச்சர் தலையைத் தூக்கி அவரை முறைத்தது. அப்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அக்கா கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.